மூன்று பேருக்கு ஒரு ஹெட்செட்

2024 கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் மூன்று பேரின் வட்ஸ்அப்புக்கும் ஒரே மெசேஜ் வந்தது. எங்கட கோல்களில் சத்தம் தெளிவில்லை என்று முறைப்பாடு வந்திருக்கிறதாம். இரண்டு கிழமைக்குள் 'நல்ல ஹெட்செட்' ஒன்று எடுக்காவிட்டால் தமிழ் லைனில் இருந்து எடுத்து டேட்டா என்ட்ரி பக்கம் போட்டுவிடுவார்களாம். நல்ல ஹெட்செட் என்றால் என்ன என்று அந்த மெசேஜில் இல்லை. யாருடைய காசில் வாங்குவது என்றும் இல்லை. அது சொல்லாமலே விளங்கும்.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம், ஒரே பட்ச். இரண்டு பேர் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இருக்கிறோம். ஒருத்தி யாழ்ப்பாணம், மற்றவள் ஹற்றன். மூன்றாவது ஆள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள், இரண்டு அறை வீட்டில் அம்மம்மா, அப்பா, அம்மா, தம்பி எல்லாரோடும் இருக்கிறாள். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. வாடிக்கையாளர் சேவை, பின்னேரம் ஐந்தில் இருந்து இரவு பத்து வரை, ஆளுக்குக் கிழமையில் இரண்டு நாள், வீட்டில் இருந்தே வேலை. லப்டொப் தந்தார்கள். கோல் லப்டொப்பில் வரும். திரும்ப எடுக்கிறோம் என்று சொன்ன ஆட்களுக்கு மொபைலில் இருந்து எடுக்கவேண்டும். ஆகவே வாங்குகிற சாமான் இரண்டிலும் வேலை செய்யவேண்டும்.

இந்த நாட்டில் எந்த ஹொட்லைனை எடுத்தாலும் அநேகமாக ஒரே ஒழுங்குதான்: சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. அந்த இரண்டு நாங்கள். ஒன்றை அழுத்தினால் எடுக்க ஒரு அறை நிறைய ஆட்கள் இருப்பார்கள். இரண்டை அழுத்தினால் சில இரவுகளில் எங்களில் ஒருத்தி மட்டும்தான்.

மெசேஜ் வந்தபோது எங்களுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏனென்றால் எங்களிடம் ஏற்கெனவே ஹெட்செட் இருந்தது. ஆளுக்கொரு வயர் இல்லாத இயர்பட், ஒன்லைனில் சேல் போட்ட நேரம் வாங்கினது. பெட்டியில் 'நொய்ஸ் கான்சலிங்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் ஃபேன் சத்தம்கூட அடங்கிவிடும். பாட்டு அந்த மாதிரிக் கேட்கும். இதுக்கு மேல என்ன வேணும்?

அடுத்த கிழமை கம்பனிக்குப் போய், முறைப்பாடு வந்த கோல்களின் பதிவைக் கேட்டோம். அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது. வெட்கம் வந்தது.

வெள்ளவத்தை அனெக்ஸில் இருந்து எடுத்த ஒரு கோலில், எங்கட குரல் ஏதோ தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. ஆனால் பின்னால் ஒழுங்கையில் போன சூன் பாண்காரரின் முச்சக்கரவண்டி தெளிவாகக் கேட்டது. பீத்தோவனின் 'ஃபர் எலீஸ்' முழுசாகக் கேட்டது. காலி வீதி பஸ்களின் ஹோர்ன் ஒரு பக்கம், கரையோர ரயில் மறுபக்கம். எங்கட காதுக்கு ஒன்றுமே விழவில்லை. நாங்கள் நிம்மதியாகக் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். மற்றப் பக்கத்தில் இருந்த ஐயா திரும்பத் திரும்ப "ஆ? என்ன?" என்று கேட்கிறார். நாங்கள் அதே கேள்வியை நாலாம் தரமும் சொல்கிறோம். கடைசியில் அவர் சொல்கிறார்:

"பரவாயில்லைப் பிள்ளை. நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. நாளைக்கு மகன் வந்தாப் பிறகு அவன் சிங்களத்தில கதைப்பான்."

அவர் தமிழுக்கு இரண்டை அழுத்தி, காத்திருந்து, எங்களிடம் வந்து, அதற்குப் பிறகு தமிழைக் கைவிட்டுப் போகிறார். காரணம் சட்டமும் இல்லை, கொள்கையும் இல்லை. எங்கட காதில் இருந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது என்று நாங்கள் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். 1919ஐ எடுத்தால் அரச தகவல் நிலையம் மூன்று மொழியிலும் பதில் சொல்லும். எழுத்தில் இருக்கிற உரிமை ஒரு ஆளின் காதுக்குப் போய்ச் சேர்வதற்கு நடுவில் இப்படி ஒரு சாமானும் இருக்கிறது என்று எங்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்க இதைப் பற்றியே வாசித்தோம், ஆட்களைக் கேட்டோம். அப்போது விளங்கினவற்றை ஒழுங்காகச் சொல்கிறோம். எங்களைப்போல் வீட்டில் இருந்து ஃபோனில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலாவது பிழை, 'நொய்ஸ் கான்சலிங்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விசயங்கள் இருக்கின்றன. ஒன்று நமக்குக் கேட்கிற இரைச்சலைக் குறைப்பது. வெளியில் இருக்கிற சின்ன மைக் சுற்றுச் சத்தத்தை எடுக்கும், உள்ளே அதற்கு நேரெதிரான அலையை விடும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஃபேன், ஏசி, பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீராக வருகிற சத்தத்துக்கு இது நல்லது. மற்றது, நம்முடைய மைக்கில் இருந்து போகிற இரைச்சலைக் குறைப்பது. முதலாவது நமக்காக, இரண்டாவது எதிரில் இருக்கிற ஆளுக்காக. கடையில் அநேகமாக விற்கிறது முதலாவது. கோல் வேலைக்குத் தேவை இரண்டாவது. இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது: நமக்குச் சத்தம் கேட்காததால் அங்கேயும் கேட்காது என்று நம்பிவிடுகிறோம்.

இரண்டாவது, தூரம். இயர்பட்டின் மைக் காதில் இருக்கிறது. வாய் அங்கிருந்து நாலு அங்குலத்துக்கும் மேல். வாயில் இருந்து மைக்கின் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், இன்னொரு தரம் பாதியானால் இன்னொரு 6. தெருச் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால்தான் கோல் சென்டர் ஆட்களின் ஹெட்செட்டில் கன்னத்தோடு ஒரு தண்டு நீட்டிக்கொண்டு வருகிறது. விலை கூடின இயர்பட்டில் நாலைந்து மைக் வைத்துக் குரலைப் பிரித்தெடுக்கிறார்கள்தான். எங்கட விலைக்கு அது இல்லை. ஒரு சின்னத் தண்டு செய்கிற வேலையை எங்கட இயர்பட் செய்யவில்லை.

மூன்றாவது, புளூடூத். பாட்டுக் கேட்கும்போது சத்தம் ஒரு பக்கம்தான் வருகிறது, அதற்கு ஒரு வழி. மைக்கையும் திறந்தால் சத்தம் இரண்டு பக்கமும் போகவேண்டும், அதற்கு வேறு வழி, அது ஒடுங்கின வழி. பழைய முறையில் செக்கனுக்கு 8,000 மாதிரிதான் எடுக்கும், கொஞ்சம் நல்லதில் 16,000. பாட்டுக்கு 44,100. அதனால்தான் அதே இயர்பட் பாட்டுக்குத் தங்கமாகவும் கோலுக்குத் தகரமாகவும் இருந்தது. கடையில் பாட்டுப் போட்டுப் பார்த்து ஹெட்செட் வாங்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இதோடு சாதாரண ஃபோன் லைனே ஒரு ஒடுக்கமான பாதை. 300 ஹேர்ட்ஸில் இருந்து 3,400 வரைதான் போகவிடும் என்பது பழைய கணக்கு. 'ஸ்', 'ஃப்' மாதிரியான மூச்சுச் சத்தங்களின் பெரிய பங்கு அதற்கு மேலே இருக்கிறது, ஆகவே வழியிலேயே விழுந்துவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்ணும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் வரும், அநேகமாக வீ. ஃபோனில் வீ, பீ, டீ மூன்றும் ஒன்றுதான். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் எழுத்தே இல்லை, எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் எங்களுக்கு எடுக்கிற அம்மாமார் ஐயாமாரில் நிறையப் பேரிடம் பழைய அட்டைதான். லைனே இவ்வளவுதான் தரும் என்றால், எங்கட பக்கத்தில் இன்னும் கெடுக்காமல் இருக்கவாவது வேண்டும்.

நாலாவது விசயத்தைக் கண்டுபிடித்தது கொட்டாஞ்சேனை அம்மம்மா. "இவள் ஏன் ஒவ்வொரு இரவும் ஆரோடயோ சண்டை பிடிக்கிறாள்?" என்று பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கிறார்களாம். அந்த வீட்டின் முன்னால் துறைமுகத்துக்குப் போகிற கொன்டெய்னர் லொறிகள் போகும், கீழ் வீட்டில் சீரியல் ஓடும், மணி அடித்தால் கோயிலா தேவாலயமா என்று யோசிக்கவேண்டும். சத்தமான இடத்தில் மனிசர் தாங்களே அறியாமல் குரலை உயர்த்துவார்கள். பிரான்ஸ் வைத்தியர் எத்தியேன் லொம்பார் 1911இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு காதையும் இறுக்கி அடைத்தாலும் இதே கதைதான்: நம்முடைய குரல் நமக்குச் சரியாகக் கேட்காது, கத்தத் தொடங்குவோம். அதனால் நல்ல ஹெட்செட்டில் நம்முடைய குரலையே கொஞ்சமாக நம்முடைய காதுக்குத் திருப்பி விடுவார்கள். அதற்குப் பெயர் சைட்டோன். கடையில் கேட்டால் அநேகமானவர்களுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு கதைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

இவ்வளவும் படித்த பிறகு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனோம். ஒரு சனிக்கிழமை முழுக்க மேல் மாடி கீழ் மாடி என்று ஏறி இறங்கினோம். முதல் கடையில் அண்ணா கேமிங் ஹெட்செட் ஒன்றை எடுத்து வைத்தார். லைட் எல்லாம் எரிந்தது. "நங்கி, மேக்க நியமய்" என்றார். தலையில் வைத்தால் அரிசி மூட்டை. ஐந்து மணித்தியாலம் அதோடு இருக்க ஏலாது. இரண்டாவது கடையில் புளூடூத், தண்டு உள்ளது, உண்மையாகவே நல்ல சாமான். விலையைக் கேட்டு மெதுவாகத் திருப்பி வைத்தோம். பொருளாதார நெருக்கடிக்கு முதல் வாங்கினவர்கள் சொல்கிற விலை ஒன்று, இப்போதைய விலை வேறு. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டினது, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம் ஆனது. வெளிநாட்டில் இருந்து வருகிற ஒவ்வொரு சாமானின் பெட்டிக்குள்ளும் இந்த இரண்டு கணக்கும் இருக்கிறது.

பிறகுதான் ஹற்றன்காரி கேட்டாள்: "நம்ம மூணு பேரும் ஒரே நேரத்துல வேல செய்றோமா? இல்லதானே. அப்ப எதுக்கு மூணு வாங்கணும்?"

மூன்று மட்டமான சாமானின் காசைச் சேர்த்தால் ஒரு உருப்படியான சாமான் வரும். அனெக்ஸில் சீட்டுப் பிடிக்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது, இதுவும் ஒரு சீட்டுத்தான் என்று முடிவெடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்கட கேள்விகள் தெளிவாகின. வயர் உள்ளதா? ஓம், உள்ளதுதான் வேண்டும். சார்ஜ் தேவையில்லை, மூன்று பேரின் லப்டொப்போடும் புதிதாகப் பழக்கவேண்டியதில்லை. முனை என்ன? இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். கம்பியூட்டருக்கு என்று விற்கிற சிலதில் மைக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டு முனை இருக்கும், அது ஃபோனில் போகாது. யூஎஸ்பி மட்டும் உள்ளது லப்டொப்புக்கு நல்லது, ஃபோனுக்கு மாற்றி வேண்டும். 3.5 மில்லிமீற்றர் முனை என்றால், அதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கவேண்டும். இரண்டு வளையம் என்றால் மைக் இல்லை. 2016இல் அப்பிள் ஐபோன் 7இல் அந்த ஓட்டையை எடுத்துவிட்ட பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்களிடம் இருக்கிறது பழைய சாம்சுங், அதில் ஓட்டை இருக்கிறது. அலுவலகத்தில் மேசை ஃபோனுக்குப் போடுகிறவர்களுக்கு வேறு சின்னச் சதுர முனை, அதை மற்றதில் போட ஏலாது. நாங்கள் தேடினது, 3.5 முனையும் இருக்கவேண்டும், அதைக் கொண்டுபோய்ச் செருக யூஎஸ்பி கட்டுப்பாட்டுத் துண்டும் இருக்கவேண்டும். ஜாப்ராவிலும் பொலியிலும் அப்படி வருகிறது. பொலி என்றால் பழைய பிளான்ட்ரோனிக்ஸ்தான். 1969இல் நிலவில் இருந்து ஆர்ம்ஸ்ட்ரோங் கதைத்தது அவர்களின் ஹெட்செட்டில். நிலவில் இருந்தே கேட்டிருக்கிறது என்றால் வெள்ளவத்தையில் இருந்து வவுனியாவுக்குக் கேட்காதா என்று எங்களுக்குள் சிரித்தோம்.

ஒரு காதா, இரண்டு காதா என்பதில் வாக்குவாதம் வந்தது. ஒரு காது உள்ளது பாரம் குறைவு, கதவு தட்டினால் கேட்கும், குரலும் நமக்கே கேட்கும். ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு காதை லொறிக்குக் கொடுத்துவிட்டு மற்றக் காதால் வேலை செய்ய முடியாது. அங்கே தேவைக்காக இரண்டு காது என்று முடிவானது.

கடைசியாக ஒரு சோதனை. ஐந்தாவது கடையில் இருந்த தம்பி நல்லவர். ஹெட்செட்டை எங்கட ஃபோனில் போட்டுக் காலி வீதிப் பக்கத்து வாசல்வரை கொண்டுபோக விட்டார், தானும் கூடவே வந்தார். பஸ் போகப் போக ஒருத்தி சொந்த அடையாள அட்டை இலக்கத்தை வாசித்தாள், ஃபோனில் பதிவு செய்தோம். உள்ளே வந்து மற்ற இருவரும் கேட்டு எழுதினோம். முதல் ஹெட்செட்டில் இரண்டு இலக்கம் பிழை. இரண்டாவதில் எல்லாம் சரி. ஆனால் மைக் தண்டை வாய்க்கு நேரே பிடித்திருந்ததால் மூச்சு புஸ் புஸ் என்று அடித்தது. வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி வைக்கச் சொன்னார் அந்தத் தம்பி. வைத்தோம். புஸ் சத்தம் போய்விட்டது. அதையே வாங்கினோம். உங்களிடம் ஒரு விசயம் மட்டும் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வோம்: போட்டுக்கொண்டு கேட்டுப் பார்த்து வாங்காதீர்கள். போட்டுக்கொண்டு கதைத்து, மற்ற ஆளைக் கேட்க வைத்து வாங்குங்கள்.

காதுப் பஞ்சு மட்டும் மூன்று சோடி. தலை எண்ணெய், வியர்வை, தடிமல் எல்லாம் இருக்கிறது. ஆளுக்கொரு சோடி, கழற்றிச் சொந்தமாக வைத்திருக்கவேண்டும். இது எங்கட சட்டம். சத்த அளவுக்கும் ஒரு கோடு போட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம் பாதுகாப்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. எங்களுக்குக் கிழமைக்குப் பத்து மணித்தியாலம்தான் வேலை, ஆனால் அதற்கு மேல் பாட்டு, லெக்சர் பதிவு எல்லாம் அதே காதுக்குத்தானே போகிறது.

அன்றில் இருந்து ஹெட்செட் எங்களுக்குள் சுற்றிக்கொண்டு இருக்கிறது. கம்பஸ் நாட்களில் கன்டீனில் கை மாறும், ஒரு பழைய துணிப் பையில். லீவு நாட்களில் 155 பஸ்ஸில் போகும். ஒருநாள் அதைக் கொட்டாஞ்சேனையில் மறந்துவிட்டு வந்து, ஷிஃப்ட் தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்க, முச்சக்கரவண்டிக்கு அன்றைய சம்பளத்தில் பாதியைக் கொடுத்தோம். அதை இலாபக் கணக்கில் சேர்க்கவில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். ரவுட்டர் நின்றுவிட்டது, லப்டொப் வேலைக்கு ஆகவில்லை. திரும்ப எடுக்கிறோம் என்று சொல்லி வைத்திருந்த ஆட்களுக்கு மொபைலில் 3.5 முனையைச் செருகி எடுத்தோம். இரண்டிலும் போகிறதை வாங்கினது அன்றைக்கு உதவினது.

அம்மம்மா இப்போது சண்டை என்று சொல்வதில்லை. "பிள்ளை ஆரோடயோ ரகசியம் கதைக்குது" என்கிறா. அது வேறு பிரச்சினை.

எங்கட மனதில் கிடக்கிற ஒன்றையும் சொல்லவேண்டும். 1878இல் பொஸ்டனில் எம்மா நட் என்ற பெண் ஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தாள், உலகின் முதல் பெண் ஒப்பரேட்டர் அவள். அதற்குப் பிறகு வந்தவர்களின் தோளில் கிலோக் கணக்கில் பாரமான கருவிகளை மாட்டிவிட்டார்கள். பாரமானது, வசதியில்லாதது, ஆனாலும் வேலைக்கான கருவியை வேலை தந்தவன் தந்தான். வீட்டில் இருந்து வேலை என்று வந்த பிறகு மேசை, கரண்ட், டேட்டா, ஹெட்செட் எல்லாம் எங்கட பக்கம் வந்துவிட்டன. 'எங்கட சாமானின் தரம்தான் தமிழ் லைனின் தரம்' என்ற நிலை சரியில்லை. கம்பனியிடம் இதை எழுத்தில் கேட்டிருக்கிறோம், மூன்று பேரும் ஒரே மெயிலில் பெயர் போட்டு. பதில் இன்னும் வரவில்லை.

அந்த ஐயாவின் மகன் அடுத்த நாள் எடுத்துச் சிங்களத்தில் கதைத்தாரா, விசயம் முடிந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் அனுமதி இல்லை. போன மாதம் மட்டக்களப்பில் இருந்து ஒரு அம்மா எடுத்தா. பழைய அடையாள அட்டை. இலக்கத்தைச் சொன்னா, நாங்கள் திருப்பி வாசித்தோம், கடைசியில் "வண்டிக்கு வாற வீயா அம்மா?" என்று கேட்டோம். "ஓம் மகள், அதேதான். வடிவாக் கேக்குது, பக்கத்துல இருந்து கதைக்கிற மாதிரி" என்றா.

அந்த நேரம் ஒழுங்கையில் சூன் பாண்காரர் போய்க்கொண்டிருந்தார். அவவுக்குக் கேட்டிருக்காது.